கருவி வந்தது, ஆள் எங்கே?

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

சம்பளம், போனஸ், வீடு என்று பேசுவதற்கே நமக்கு நேரம் போதவில்லை. அப்படியிருக்க, வைத்திய வசதியைப் பற்றிப் பேசும்படி செயற்குழு என்னைப் பணித்திருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள். சம்பளம் இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். உடம்பு இல்லாவிட்டால் ஒரு நாள்கூட நிரையில் ஏற முடியாது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வைத்தியத்தில் புதுப்புதுக் கருவிகள் வந்துவிட்டன. புதுப்புதுச் சட்டங்களும் வந்துவிட்டன. ஆனால் அவற்றை நம் லயத்து வாசலுக்குக் கொண்டுவரும் ஆள் நம்மிடையே இல்லை. அந்த ஆளை உண்டாக்குவது சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் இந்தியாவில் கண்டுபிடித்தார். 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், அந்த ஊரிலும் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்திலும் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வற்றச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். பின்னர் அந்த முறை தோட்டங்களுக்கும் பரவியது. கண்டுபிடித்தவர்கள் பெரிய டாக்டர்கள்தாம். ஆனால் தோட்டத்தில் வடிகால் வெட்டியதும், குட்டையில் எண்ணெய் தெளித்ததும் யார் கை? உங்கள் பாட்டன்மார் கை! அறிவு டாக்டரிடம் பிறந்தாலும், பழகிய கைகளில் சேர்ந்த பிறகுதான் உயிர்கள் பிழைத்தன.

காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அன்று தோட்டம் தனியார் நிலம். தொழிலாளியின் நோயும் முதலாளியின் பொறுப்பு. அதனால் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது. அதில் டிரெசர் ஐயா இருந்தார். பெரிய டிரெசரிடம் கையாளாகச் சேர்ந்து, புண் கட்டி, மருந்து கலக்கி, ஊசி போடப் பழகி மேலே வந்தவர்கள் அவர்களில் பலர். துரையின் முகத்தைப் பார்த்துக் காய்ச்சல்காரனை வேலைக்கு விரட்டியவர்களும் உண்டு. நடுச்சாமத்தில் விளக்கோடு வந்து பிரசவம் பார்த்தவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஓர் ஆள் இருந்தார். நம் பேச்சு அவருக்குப் புரிந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமும், 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும் வந்தன. பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது முறையானது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி இல்லாத கை ஊசி பிடிக்கலாகாது. இன்று மருத்துவ உதவியாளர் ஆக வேண்டுமானால் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். அதன்பின் மூன்றாண்டு டிப்ளோமா படிக்க வேண்டும். ஏணியை உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் அதன் கீழ்ப்படி தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டும்படி இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? கையாளாகச் சேர்ந்து முன்னேறும் பழைய வழி அடைபட்டது. புதிய வழிக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்ய நாமும் முந்திக்கொள்ளவில்லை.

அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டன. இன்று நமக்கு வைத்தியம் வாசலுக்கு வெளியே, அரசாங்கக் கிளினிக்கில். அங்கே குடிமகனுக்கு ஒரு வெள்ளிக்கு வைத்தியம் கிடைக்கிறது. இது மலிவுதான். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே!

இனிக் கருவிகளைப் பார்ப்போம். 1999இல் செலாயாங் மருத்துவமனை, காகிதக் கோப்புக்குப் பதில் கணினியில் நோயாளியின் விவரத்தை எழுதும் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக மைசெஜாத்ரா வந்தது. பிறகு அதே கைப்பேசிச் செயலி வழியாகக் கிளினிக்குக்கு முன்பதிவு செய்யும் வழக்கமும் வந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு நொடியில் தெரிகிறது. சர்க்கரை நோயாளியின் கண்ணுக்குள் படம் பிடிக்கும் கேமராவும் கிளினிக்குகளில் இருக்கிறது. அந்தப் படத்தை எடுக்க டாக்டர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தாதியோ மருத்துவ உதவியாளரோ எடுக்கலாம். டாக்டர் வேறோர் ஊரிலிருந்தும் படத்தைப் பார்க்கலாம். முன்பு டாக்டர் மட்டுமே செய்த வேலை, இன்று பயிற்சி பெற்ற மற்றவர் கைக்கும் வந்திருக்கிறது. இந்த மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும்.

இது நமக்கு வேண்டாத கதை அல்ல. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6. இந்தியர்களிடையே இந்நோய் மிகுதி என்பது அந்த 2019ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்தது. காலில் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களை நீங்கள் அறிவீர்கள். அந்த விரல் ஒரே நாளில் போகவில்லை. ஒரு துளி இரத்தத்தை உரிய காலத்தில் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

இன்னொரு செய்தி, பால்வெட்டுத் தோழர்கள் கவனமாகக் கேளுங்கள். மனிதருக்குரிய மலேரியா இந்நாட்டு மண்ணில் தொற்றியதாக 2018 முதல் பதிவில்லை என்ற நிலையை நாடு எட்டியது. அது பெரிய வெற்றி. ஆனால் குரங்கு மலேரியா போகவில்லை. 1965இல் பகாங் காட்டில் இருந்துவிட்டுப் போன ஓர் அமெரிக்கரிடம் அது முதன்முதலாகக் காணப்பட்டது. பல ஆண்டுகள் அதை அபூர்வமானது என்றே நினைத்தார்கள். 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் மலேசிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது, வேறு வகை மலேரியா என்று எழுதப்பட்டவற்றில் பல உண்மையில் குரங்கு மலேரியா என்று தெரிந்தது. நுண்நோக்கியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றியதே காரணம். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. விரைவில் உயிருக்கே ஆபத்தாகலாம். காட்டோரம் விடியலில் நிற்பவர்கள் நாம். காய்ச்சல் என்றால் இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று படுத்துவிடாதீர்கள். கிளினிக்கில், "நான் காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், இரத்தம் பார்க்க வேண்டும்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

இப்போது என் வேலையைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். முன்பதிவு கைப்பேசிக்குப் போனதிலிருந்து, வயதான தோழர்கள் பலர் ஆபீசு ஜன்னலில் கைப்பேசியை நீட்டி, "கிராணி ஐயா, கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். நானும் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். செக்ரோல் எழுதுவதும் நான். நீங்கள் எந்த நோய்க்கு எந்தக் கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்று பார்ப்பதும் நான். நான் வாய் மூடியிருக்கலாம். எனக்குப் பின் வருபவர் இருப்பாரா? தொழிலாளியின் நோய் நிர்வாகத்தின் மேசையில் கிடக்கலாகாது. ஆகவே இந்த வேலை கிராணியிடம் இருக்கக்கூடாது என்று ஒரு கிராணியாகவே சொல்கிறேன்.

என்ன செய்ய வேண்டும்? நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளரே தேர்ந்தெடுக்கும் ஒரு சுகாதாரத் துணைவர் வேண்டும். அவர் ஊசி போடமாட்டார். சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கவும், முன்பதிவு செய்யவும், யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று அறியவும் கற்றவராக இருப்பார்; இரகசியம் காப்பவராக இருப்பார். பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, வண்டி. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. எந்த வண்டி, யார் ஓட்டுவார், இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டக் கேட்போம்.

மூன்றாவது, பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் சேர்த்துக்கொள்வோம். 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துக்கு அவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. இதைப் பலர் அறியார். கொசு கடப்பிதழைப் பார்த்துக் கடிப்பதில்லை!

நான்காவது, பிள்ளைகள். 2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. நோய் வந்தபின் ஆஸ்பத்திரி என்பதைவிட, வருமுன் காக்கும் கிளினிக்குகளைப் பலப்படுத்துவது அதன் நோக்கம். அது 15 ஆண்டுத் திட்டம். இன்று தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பில் இருக்கும் குழந்தை, நாளை மருத்துவ உதவியாளராகவோ தாதியாகவோ வர முடியும். கணிதத்தையும் அறிவியலையும் மலாய் மொழியையும் கைவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்புக்குச் சங்க மண்டபத்தைத் திறந்துவிடுவோம். பாடம் சொல்லிக்கொடுக்கக் கிராணித் தோழர்கள் முன்வர வேண்டும். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.

தோழர்களே! கிராணிக்கு ஒரு சங்கம், பால்வெட்டுவோருக்கு ஒரு சங்கம் என்று இருக்கலாம். காய்ச்சலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. இந்த நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.