கையெழுத்துப் போட்டால்தான் பில்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாத்தையும் போட்டுவிட்டு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்க நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. உங்க ஊரில் கடைசியாக ஒரு சிமெண்ட் ரோடோ, சாக்கடையோ, தண்ணீர்த் தொட்டியோ கட்டினார்களே, அது முடிந்ததும் "வேலை நல்லா இருக்காம்மா? காண்டிராக்டருக்குப் பணம் கொடுத்துடலாமா?" என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் கை தூக்குங்கள்.

ஒரு கை கூட எழும்பவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அப்படிக் கேட்கிற ஒரு பகுதி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா என்கிற நாட்டில், மக்குவேனி என்று பெயர். நாங்கள் அங்கே போய்ப் பார்த்ததில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம். ஆனால் படிக்கப் படிக்க, இது நம்ம மாதிரிப் பெண்களின் கதையாக இருக்கிறதே என்று தோன்றியது.

மக்குவேனி எங்கே இருக்கிறது?

கென்யாவின் தலைநகரம் நைரோபி. அங்கிருந்து மொம்பாசா துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது மக்குவேனி. வறண்ட பூமி. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உண்டு என்று பேர்தான், பாதி வருஷம் மழை ஏமாற்றிவிடும். 2019 கணக்கெடுப்புப்படி அங்கே 9,87,653 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கம்பா என்கிற இனத்து மக்கள். மாம்பழம், ஆரஞ்சு, பாசிப்பயறு விளைகிறது. ஆடு மாடு வளர்க்கிறார்கள்.

கென்யாவில் 2010-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதன்படி நாட்டை 47 கவுண்ட்டிகளாகப் பிரித்தார்கள். கவுண்ட்டி என்றால் நம்ம ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டு ஓர் ஆளுநரையும், ஒரு சட்டமன்றத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2013-ல் முதல் தேர்தல் நடந்தது. நாட்டின் வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் இந்தக் கவுண்ட்டிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆஸ்பத்திரி, உள்ளூர் ரோடு, தண்ணீர், விவசாயம் எல்லாம் கவுண்ட்டி பொறுப்பு.

மக்குவேனிக்கு முதல் ஆளுநராக வந்தவர் கிவுத்தா கிப்வானா. சட்டப் பேராசிரியராக இருந்தவர்.

மரத்தடியில் தொடங்குகிற பட்ஜெட்

பணம் வருகிறது, சரி. அதை எதற்குச் செலவு செய்வது என்று யார் முடிவு பண்ணுவது? தலைநகரத்தில் நாலு அதிகாரிகள் உட்கார்ந்து எழுதிவிடலாம். மக்குவேனியில் வேறு மாதிரி செய்தார்கள்.

முதல் கூட்டம் கிராமத்தில். அந்த ஊர்க்காரர்கள் கூடி, எங்களுக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்கிறார்கள். பிறகு சில கிராமங்கள் சேர்ந்த தொகுப்பு, அதற்கு மேலே வார்டு, அதற்கும் மேலே துணைக் கவுண்ட்டி, கடைசியில் கவுண்ட்டி முழுமைக்குமான மக்கள் கூட்டம். மொத்தம் 30 வார்டுகள், 6 துணைக் கவுண்ட்டிகள். ஒவ்வொரு படியிலும் 11 பேர் கொண்ட வளர்ச்சிக் குழுவை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் இடம் உண்டு.

நம்ம அமைப்பைப் போலவே இருக்கிறது பாருங்கள். குழு, குழுவிலிருந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு, அதற்கு மேலே வட்டாரம். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை.

பத்து பேர் பத்து தேவை சொன்னால் எல்லாம் கிடைத்துவிடாது. எது முதலில், எது அப்புறம் என்று ஊரே பேசி வரிசை போட வேண்டும். சண்டையும் வரும். ஒருத்தர் ரோடு என்பார், இன்னொருத்தர் தண்ணீர் என்பார். ஆனால் ஊரே பேசி முடிவான பிறகு "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று யாரும் கேட்க முடியாது.

பில்லுக்கு முன்னால் ஊரார் கையெழுத்து

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஒரு வேலை தொடங்கும்போது, அந்த வேலையால் பயன் அடையப் போகிற மக்கள் ஒரு மேற்பார்வைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், என்ன அளவு, என்ன சாமான் என்று அந்தக் குழுவுக்குத் தெரிய வேண்டும். வேலை நடக்க நடக்க அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். முடிந்த பிறகு, "திருப்தியாக முடிந்தது" என்று இந்தக் குழு ஒப்புக்கொண்டால்தான் காண்டிராக்டருக்குப் பணம். இன்ஜினியர் மட்டும் சரி என்றால் போதாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும், அந்த ரோட்டில் நடக்கிறவர்களும் சரி என்று சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வேலை சரியில்லை என்று மனு எழுதுவது வேறு, சரியில்லாத வேலைக்குப் பணம் போகாமல் நிறுத்துவது வேறு. மனு பணம் போன பிறகு எழுதுவது. கையெழுத்து பணம் போவதற்கு முன்னால் கேட்பது. சிமெண்டைக் குறைத்துப் போடலாமா என்று நினைக்கிற ஆள், பணம் கொடுப்பது யார் என்று பார்த்துத்தான் பயப்படுவான்.

மக்கள் என்ன கேட்டார்கள், என்ன வந்தது?

முதலில் தண்ணீர். மக்குவேனி ஆறுகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது, மணல்தான் கிடக்கும். அந்த ஆற்றுக்குக் குறுக்கே, அடியில் இருக்கிற பாறை வரைக்கும் தோண்டி ஒரு சுவர் எழுப்புகிறார்கள். மழை வந்து வெள்ளம் அடித்து வருகிற மணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும். அந்த மணலுக்குள்ளே தண்ணீர் நிற்கும். வெயிலில் ஆவியாகாது, கொசு முட்டையிடாது. நாம் ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுப்பதில்லையா, அதே சங்கதிதான். மணல் அணை என்று பெயர்.

இந்த வேலையில் கவுண்ட்டி அரசுக்கு முன்பே இறங்கியவர்கள் அங்குள்ள சுய உதவிக் குழுக்கள். ம்வேத்யா என்று அவர்கள் பாஷையில் சொல்கிறார்கள், கூடி வேலை செய்வது என்று அர்த்தம். அதில் பெண்கள்தான் அதிகம். சரிவு நிலத்தில் மண் அரித்துப் போகாமல் வரப்பு கட்டியதும், மணல் அணைக்குக் கல்லும் மணலும் தலையில் சுமந்ததும் இந்தப் பெண்கள்தான். பிற்பாடு கவுண்ட்டியும் மணல் அணைகளுக்குப் பணம் ஒதுக்கியது. கூட்டத்தில் "தண்ணீர் வேண்டும்" என்று கேட்டவர்களுக்கு, அணை எப்படிக் கட்டுவது என்பதும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அடுத்து வைத்தியம். 2016-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 500 ஷில்லிங் கட்டிப் பதிவு செய்துகொண்டால், கவுண்ட்டி ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். அன்றைக்கு நம்ம பணத்தில் முன்னூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. அதற்கு முன்பு 65 வயது தாண்டிய பெரியவர்களுக்கு இலவச சிகிச்சை கொடுத்துப் பார்த்து, பிறகுதான் எல்லோருக்கும் விரித்தார்கள். தலைநகரமான வோட்டேயில் தாய் சேய் நலத்துக்கென்று 200 படுக்கை ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

மூன்றாவது மாம்பழம். விளைச்சல் காலத்தில் மரம் மரமாகக் காய்க்கும். வியாபாரி வந்து சொன்னதுதான் விலை. கொடுக்காவிட்டால் அழுகிப்போகும். தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டினதைப் பார்த்தவர்கள் நாம், இந்த வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும். கவுண்ட்டி அரசே 2017-ல் கலாம்பா என்கிற இடத்தில் பழக்கூழ் ஆலையைத் திறந்தது. வாங்குவதற்கு இன்னொரு ஆள் வந்துவிட்டால் வியாபாரியும் பழைய விலைக்குக் கேட்க முடியாது.

நடுவில் வந்த சோதனை

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 2014-ல் ஆளுநருக்கும் கவுண்ட்டி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பட்ஜெட் பணத்தின் பேரில் பெரிய தகராறு. துப்பாக்கிச் சூடு வரைக்கும் போய், ஆட்கள் காயப்பட்டார்கள். வேலைகள் நின்றன. மக்கள் வெறுத்துப்போய், "இந்தக் கவுண்ட்டி அரசையே கலைத்துவிடுங்கள்" என்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார்கள். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கலைக்கலாம் என்று 2015-ல் அது சொல்லியும், அப்போதைய ஜனாதிபதி உகுரு கென்யாட்டா கலைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு மற்ற கவுண்ட்டிகள் வந்து பார்த்துப் போகிற அளவுக்குப் பேர் வாங்கிய மக்குவேனி, ஒரு காலத்தில் கலைந்துபோக இருந்தது. நல்ல ஆளுநர் ஒருவர் வந்தார், அதனால் நல்லது நடந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மேலே சண்டை நடந்தபோதும் கீழே கூட்டத்துக்கு வர ஆள் இருந்தது. 2022-ல் அவர் பதவிக்காலம் முடிந்து, தேர்தலில் ஜெயித்து முத்துலா கிலோன்சோ ஜூனியர் ஆளுநராக வந்தார். ஆளுநர் மாறுவார். ஊர்க்கூட்டம் மாறக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போவது சும்மா இல்லை. ஒரு நாள் கூலி போகும். தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிற பெண்ணுக்குக் கூட்டத்தில் உட்கார நேரம் ஏது? குழுவில் இருக்கிற ஆளையே காண்டிராக்டர் சரிக்கட்டிவிட்டால், அந்தக் கையெழுத்துக்கும் மதிப்பு இல்லை. அதனால்தான் ஒரே ஆளை நம்பாமல் ஒரு குழு, அந்தக் குழுவையும் கண்காணிக்கிற ஊர்க்கூட்டம் என்று வைத்தார்கள்.

நமக்கு என்ன?

நம்ம குழுவில் ஆயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்கிறதுக்கும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். எழுதத் தெரியாத அக்காவும் தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கணக்கு கேட்கிறோம், பதில் வரும்வரை விடுவதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு கறாராக இருக்கிற நாம், ஊரில் லட்சக்கணக்கில் நடக்கிற வேலையை மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடலாமா?

மக்குவேனியில் இருக்கிற மாதிரி பில்லை நிறுத்துகிற அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் கேட்கிற இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு நாலு முறை என்றிருந்த கிராம சபையை 2022-ல் ஆறு முறை என்று ஆக்கினார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு தேதியையும் குழுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஐந்து பேராவது போக வேண்டும். தனித்தனியாகப் போகாமல் ஒன்றாகப் போய், ஒன்றாக உட்காருங்கள். ஊரில் நடந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள்? என்ன அளவில் கட்ட வேண்டும் என்று இருந்தது? அளந்து பார்த்தது யார்? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்துக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் மட்டும் போடாதீர்கள்.

என்ன பதில் கிடைத்தது என்பதை அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் பேசப் போவதில்லை. நீங்கள் பேசப் போகிறீர்கள், நாங்கள் கேட்கப் போகிறோம்.