கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு: உரைத்தொகுப்பியும் தமிழாசிரியரும்



இலக்கணம் பேச வேண்டியவன் இன்று நிரலாளர்களின் கருவியொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் கணினி அறிஞன் அல்லேன். ஆயினும் ஒரு பிழையைச் செய்துவிட்டு, அதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்டு, இக்கருவியிடம் வந்து சேர்ந்தேன். அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், ஒரு மாணவி பள்ளிக் கட்டுரைகளில் 'கொள்' என்னும் துணைவினையின் வழக்கை ஆராய்ந்தார். எழுதிக்கொண்டான், பார்த்துக்கொள், வைத்துக்கொண்டு என்பன போன்ற வடிவங்களைக் கையால் எண்ணி அட்டவணையிட்டிருந்தார். நான் அதே கோப்புகளைக் கணினியில் தேடினேன். எனக்குக் கிடைத்த எண்ணிக்கை குறைவு. ஏட்டின் ஓரத்தில், "மிகை, மீண்டும் சரிபார்க்க" என்று சிவப்பு மையால் எழுதினேன். ஆசிரியர் சொன்னார், கணினியும் சொன்னது என்று நம்பி, அவர் தம் எண்களை என் எண்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ஏடு கட்டமைக்கப்பட்டு நூலகத்துக்கும் போய்விட்டது.

அவர் எண்ணியதே சரி. அதை நான் அறிந்தது ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் வழியே.

உரைத்தொகுப்பி என்பது எழுத்தை மட்டும் கையாளும் மென்பொருள். தடிப்பெழுத்து, பக்க அழகு முதலியன அதன் கவலை அல்ல. ஈமாக்ஸ் 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் தோன்றியது. இன்று நாம் பயன்படுத்தும் குனூ ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் அமைந்திருப்பதால், எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பயனரே மாற்றி எழுதலாம். விலையும் இல்லை.

தமிழர் இதில் முதலில் இடறும் இடம் ஒன்றுண்டு. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கிவிட்டு ஈமாக்ஸின் கட்டளைகளைக் கொடுத்தால், "இவ்விசைக்குப் பொருள் இல்லை" என்ற வகையில் மறுமொழி வரும். கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தியதாக நாம் எண்ணுகிறோம். அதற்குப் போய்ச் சேர்ந்ததோ கண்ட்ரோலும் ஒரு தமிழெழுத்தும். இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளன. ஆங்கில ஒலிப்பு வழியே தட்டுவோர்க்கு ஐட்ரான்ஸ், மற்றவர்க்கு இன்ஸ்கிரிப்ட். கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழ். மீண்டும் அழுத்தினால் ஆங்கிலம். கட்டளைகள் இரு நிலையிலும் இயங்கும். வேறு எதில் சிக்கினாலும் கண்ட்ரோலோடு ஜி. தொடங்கிய கட்டளை கைவிடப்படும். என் முதல் வாரத்தில் நான் மிகுதியாக அழுத்திய விசை அதுதான்.

இனி அந்தப் பிழைக்கு வருவோம். 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோட் அதை இரு வகையில் எழுத இடம் தருகிறது. ககரத்தின் பின் ஒகரக்குறி என்னும் ஒரே குறியை இடலாம். அல்லது எகரக்குறியாகிய ஒற்றைக்கொம்பையும் அதன்பின் காலையும் தனித்தனிக் குறிகளாக இடலாம். இரண்டும் நிகரானவை என்றே யூனிகோட் கூறுகிறது. திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் எளிய தேடல் குறிகளைத்தான் ஒப்பிடும், வடிவத்தை ஒப்பிடாது. மாணவியின் கோப்புகளுள் ஒரு பகுதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை. அவற்றில் கொம்பும் காலும் தனித்தனியே நின்றன. என் தேடல் அவற்றைத் தொடவே இல்லை. அவர் கண் தொட்டிருந்தது.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. 'கொ'வின் பின்னே சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். 'க' எஞ்சினால் ஒரே குறி. 'கெ' எஞ்சினால் இரண்டு. விரிவாக அறிய வேண்டுமெனில் எழுத்தின்மேல் சுட்டியை வைத்து, கண்ட்ரோலோடு யு, கண்ட்ரோலோடு எக்ஸ், பிறகு சமக்குறி என வரிசையாக அழுத்துங்கள். அவ்வெழுத்து எந்தெந்தக் குறிகளால் ஆனது என்பதை ஈமாக்ஸ் பிரித்துக் காட்டும். புணர்ச்சியைப் பிரித்துப் பழகிய நமக்கு இது அந்நியமான வேலை அன்று. திருத்துவதற்கும் வழியுண்டு: மூலக்கோப்பின் படி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, உரை முழுவதையும் தேர்ந்து, யுசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்னும் கட்டளையைக் கொடுத்தால், பிரிந்து நின்ற குறிகள் ஒன்றாகும்.

ஆனால் அக்கட்டளையால் தீராத பிழை ஒன்று நம் வகுப்பறைகளில் நாள்தோறும் நிகழ்கிறது. ஔகாரக்குறியின் வலப்பகுதி ளகரம் போலவே இருப்பதால், மாணவர்கள் கொம்பையும் ளகரத்தையும் தட்டி 'மெளனம்', 'கெளரவம்' என்று எழுதிவிடுகின்றனர். 'மௌனம்' என்பதற்கும் இதற்கும் அச்சில் வேறுபாடு காண்பது அரிது. ஔவையாரே எத்தனையோ கோப்புகளில் ஒகரமும் ளகரமுமாக நிற்கிறார். இது நிகரான இருவடிவம் அன்று; எழுத்துப்பிழை. கணினி அதை மெ-ள-னம் என்றே படிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் தெளிவும் வெளியும் வெள்ளியும் சிதைந்துபோம். இங்கேதான் இலக்கண அறிவு உதவுகிறது. தெளிவு, வெளி ஆகியவற்றில் ளகரம் உயிர்க்குறி பெற்றிருக்கிறது. வெள்ளியில் புள்ளி பெற்றிருக்கிறது. மெளனத்திலோ எதுவும் பெறாமல் நிற்க, அடுத்து இன்னொரு மெய்யெழுத்தின் வடிவம் வருகிறது. ஆகவே கொம்பு, ளகரம், அடுத்துக் ககரம் முதல் ஹகரம் வரை ஏதேனும் ஒன்று என்று தேடினால் ஐயத்துக்குரியவை மட்டும் அகப்படும். ஆல்ட் விசையோடு எஸ், பிறகு ஓ என்று அழுத்தி, 'ெள[க-ஹ]' என்று கொடுங்கள். அத்தகைய வரிகள் அனைத்தும் ஒரு பட்டியலாக வரும். பின்னர் ஆல்ட்டோடு விழுக்காட்டுக்குறியை அழுத்தி மாற்றத் தொடங்கினால், ஒவ்வோரிடத்திலும் நின்று "மாற்றவா?" என்று கேட்கும். ஒய் என்றால் ஆம், என் என்றால் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லுங்கள்; சோம்பல் வேண்டா.

சொற்களைத் தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். மரம் என்று தேடினால் மரத்தையும் மரங்களும் அகப்படா. 'மர\(ம்\|த்\|ங்\)' என்று மூன்று வடிவங்களையும் சேர்த்துத் தேடலாம். ஆனால் மரத்துப்போன விரலும் உடன் வந்து நிற்கும். அதை விலக்க வேண்டியவர் நீங்கள்.

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்போர், எப்படித் தெரியவில்லை என்பதை முதலில் பாருங்கள். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் குறியாக்கம் வேறு; அந்நிலையில் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ்நெட் மாநாடுகள் கூடியதற்கு, ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்த அக்காலக் குழப்பமும் ஒரு காரணம். அக்காலத்து டிஸ்கி கோப்புகள் இன்னும் பலரிடம் உள்ளன. லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்னும் சிறு நிரல் அவற்றை யூனிகோடாக மாற்றித் தரும். எழுத்துகள் உண்டு, ஆனால் கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு தனித்தனியே நிற்கின்றன என்றால், பெரும்பாலும் மென்பொருள் பழையது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்னும் பொறி தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துத் தருகிறது.

கடைசியாக, நாமே உண்டாக்கிக்கொள்ளும் கோளாறு. யாரோ எழுதிய அமைப்பு வரிகளையெல்லாம் நம் தொடக்கக் கோப்பில் ஒட்டிவைப்போம். ஒருநாள் ஈமாக்ஸ் திறக்காது. அப்போது ஈமாக்ஸ் என்னும் பெயரை அடுத்துச் சிறுகோடும் பெரிய க்யூ எழுத்தும் இட்டுத் திறந்து பாருங்கள். தொடக்கக் கோப்பைப் படிக்காமலேயே அது திறக்கும். கோளாறு மறைந்தால் குற்றம் நம் வரிகளில். அவற்றுள் பாதியை அரைப்புள்ளி இட்டுச் செயலறச் செய்யுங்கள். கோளாறு எந்தப் பாதியில் என்பது தெரியும். அப்பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். அறுபத்து நான்கு வரிகளானாலும் ஆறு சுற்றுகளில் குற்றவாளி அகப்படும். பெரும்பாலும் அது மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறியாகவே இருக்கும்.

அந்த மாணவி இப்போது ஓர் ஆசிரியை. உண்மை தெரிந்த அன்றே அவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் எண்களே சரி என்றும், பிழை என்னுடையது என்றும் குறிப்பிட்டேன். கைப்பட எண்ணிய குறிப்பேட்டை அவர் எறியாமல் வைத்திருந்தார். அதையும் சீர்செய்த கோப்புகளையும் ஒப்பிட்டோம். அவர் இரண்டிடங்களை மட்டும் தவறவிட்டிருந்தார். திருத்திய அட்டவணையை ஏட்டின் நூலகப் படியில் ஒட்டிவைத்திருக்கிறோம். கீழே இருவர் கையெழுத்தும் உள்ளது.