குழந்தைகளின் வயிற்று நோயும் மந்திரிப்பும்

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



குழந்தைகளின் வயிற்று நோயைப் பற்றி வைத்தியர்களல்லவா பேச வேண்டும், இந்த மேடையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குழந்தையை வைத்தியரிடம் போகவிடாமல் வழியிலே மறித்து நிற்பது மூடநம்பிக்கையாக இருப்பதால்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

குழந்தைக்கு நாலு தடவை வாந்தியும் பேதியும் ஆனதும் வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? கண் உள்ளே போய்விட்டது, திருஷ்டி என்கிறார்கள். உச்சிக்குழி விழுந்துவிட்டது, தூக்கிவிட வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு விலக்கான பெண்ணின் நிழல் பட்டுவிட்டது, தீட்டுத் தோஷம் என்கிறார்கள். தாய்மார்களே, நீங்கள் கண்ட அடையாளம் பொய்யல்ல. கண் குழிந்தது மெய். உச்சிக்குழி பள்ளமானதும் மெய். அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பொய். உடம்பிலிருந்த தண்ணீரும் உப்பும் பேதியோடு போய்விட்டன என்பதே காரணம். இதில் ஒரு பெண்ணின் நிழல் எங்கே வந்தது?

இன்னும் பாருங்கள். அழுதால் கண்ணீர் வராது. நாக்கு உலரும். மூத்திரம் குறையும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாது. முதலில் தாகத்தால் தவிக்கும். பிறகு குடிக்கவும் சக்தியற்றுத் துவண்டு கிடக்கும். ‘குழந்தை அடங்கிவிட்டது, மந்திரித்தது பலித்தது’ என்று சந்தோஷப்படுகிறார்களே, அந்த நேரந்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

தொக்கம் எடுப்பவன் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுகிறான். தாய்ப்பால் தவிர வேறொன்றும் அறியாத குழந்தையின் வயிற்றில் கடலைத் துணுக்கு எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவுவது இதைவிடக் கொடியது. கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, பச்சையாக வாந்தியெடுத்து, இரத்தமும் சளியுமாகப் போகிறதென்றால், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்திருக்கலாம். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால், பல குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே காற்றையோ நீரையோ செலுத்திச் சரி செய்துவிடுவார்கள். தாமதித்தால் குடல் அழுகிவிடும்.

பேதிக்கு மருந்து என்ன? 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் உப்பு நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த தண்ணீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், அதைக் குடித்தவர்களில் 4 பேருக்கும் குறைவாகவே மாண்டார்கள். பேதியாகும்போதுகூடச் சர்க்கரையோடு சேர்ந்த உப்பைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின்னே தண்ணீரும் போகும். இதுதான் அதன் ரகசியம்; மந்திரம் ஒன்றுமில்லை.

அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், பட்டினி போடாதீர்கள். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுங்கள். குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா கிருமிக்கு, நம் பக்கத்து வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த தடுப்பு மருந்து இருக்கிறது. 2017 முதல் நம் மாகாணத்தில் அரசாங்கமே 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறது.

பௌர்ணமிதோறும் இந்த ஊரில் கைக்குழந்தைகளோடு 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அழுக்குத் தண்ணீருக்குத் தீர்த்தம் என்று பெயர் வைத்தால் கிருமி செத்துவிடுமா? காய்ச்சிய தண்ணீரும், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் செய்கிற காரியத்தை எந்தக் கயிறும் செய்யாது.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குப் பேதி என்று கேள்விப்பட்டால், மந்திரிக்கிறவன் வந்து சேருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு பொட்டலத்தோடு போய் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.