தயக்கம் தைத்துக் கொடுக்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஜெலாப்பாங் பெருமக்களே!

கூலிக்குத் தைப்பவர் மனத்தில் வருகிற தயக்கம் தரத்துக்குத் துணையா, தொழிலுக்குத் தடையா? தடையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி உருகிவிட்டார். “தயக்கம் இருப்பதால்தான் அக்காமார்கள் பார்த்துப் பார்த்துத் தைக்கிறார்கள்” என்றார். தம்பி, உங்கள் ஜிப்பாவில் மூன்றாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. தைத்தவருக்குத் தயக்கம் போதவில்லையா? நூல்தான் ஐயா போதவில்லை!

ஜெலாப்பாங்கிலும் சிலிபினிலும் புந்தோங்கிலும் வீட்டு முன்கூடத்தில் மெஷின் போட்டுத் தைக்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை என்று தைப்பார்கள். பழைய சேலைகளைத் துண்டு போட்டு இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, மூன்றடுக்கையும் சேர்த்து மெஷினில் ஓட்டுகிற குவில்ட் போர்வை என்றால் வேலை இன்னும் கடினம். இறந்துபோன அம்மாவின் சேலையைக் கையில் கொடுத்து, “இதுல ஒரு போர்வை தச்சுக் குடுங்கக்கா” என்று ஒரு பெண் கேட்டால் யாருக்கும் கத்தரியைத் தொடவே கை வராது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் போர்வையைத் தைத்து முடிப்பது பயமா?

அந்தப் போர்வை எப்படித் தயாராகிறது என்று கேளுங்கள். முதலில் சேலையின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும், சாயம் போகிறதா என்று. அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் வைத்து உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூல் டென்ஷன் இறுக்கம். அடியில் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்வு. இரண்டு நூலும் பஞ்சுக்குள் பூட்டிக்கொண்டால் சரி. பிறகு நெருக்கமாகக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. இதில் எந்த இடத்தில், தம்பி, தயக்கம் உதவுகிறது? உதவுவது சோதனை. சோதனைக்கு முடிவு உண்டு. தயக்கத்துக்கு முடிவே கிடையாது!

முடிவில்லாத அந்தத் தயக்கம் என்ன செய்யும், தெரியுமா? தைத்து முடித்த பிறகு நடுராத்திரியில் எழுந்து விளக்கைப் போட வைக்கும். மூலையில் ஒரு தையல் மட்டும் நீளமாகத் தெரியும். உடனே வரிசை முழுவதையும் பிரிக்கச் சொல்லும். பருத்தி என்றால் தப்பிக்கலாம். பட்டில் ஊசி போன துளை மூடாது. பிரித்த இடம் சல்லடையாகிவிடும். தரத்துக்குத் துணை என்று நீங்கள் சொன்ன தயக்கம் துணியைக் கெடுத்துவிட்டது, தம்பி.

மறுநாள் சேலை கொடுத்தவர் வருகிறார். போர்வையை விரித்துத் தடவிக் கண் கலங்கி நிற்கிறார். அவர் எதிர்பார்ப்பது என்ன? துவைத்தால் பஞ்சு ஒருபக்கமாக உருளக் கூடாது, ஓரப்பட்டி பிரியக் கூடாது, அம்மாவின் சேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்! நம் அக்கா என்ன சொல்கிறார்? “இந்த எடத்துல கொஞ்சம் வளைஞ்சிருச்சும்மா.” காட்டியிருக்காவிட்டால் அது அந்தப் பெண் கண்ணில் பட்டே இருக்காது. கூலி எவ்வளவு என்று கேட்டால், “நீங்களே பாத்துக் குடுங்க” என்கிறார். பஞ்சு விற்ற கடைக்காரர் பார்த்துக் கொடுங்கள் என்றாரா? நூல் விற்றவர் சொன்னாரா? ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் மட்டும் சொல்கிறார்.

இந்த அரங்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பால்மரம் வெட்டுவது உங்களுக்குத் தெரியும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், வேலையை மேற்பார்க்கும் தண்டல் திட்டுவார். அதற்குப் பயந்து மேலாக வெட்டினால்? பால் குழாய்கள் மிகுதியாக இருப்பது கட்டைக்குப் பக்கத்துப் பட்டையில். பயந்த கைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. நம் பாட்டிமார்களுக்குக் கூலி வாங்கிக் கொடுத்தது எவ்வளவு ஆழம் என்று அறிந்த கை.

பயப்படாமல் தைத்த கைகளையும் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்தித் தோட்ட அடிமைகளின் வாரிசுகளான கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலைச்சட்டைகளை இணைத்துப் போர்வை தைத்தார்கள். அந்த வட்டாரப் பெண்கள் 1966இல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் என்ற கடை நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்று போலவே ஒன்று இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியே தைத்துக் கொடுத்தார்கள். மிச்சம் விழுந்த கார்டுராய் துண்டுகள் வீட்டுப் போர்வைகளில் சேர்ந்தன. அங்கே கோடு வளைந்தது, கட்டம் சாய்ந்தது, யாரும் பிரிக்கவில்லை. 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில். 2006இல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் ஏறின. கடைக்கு ஒரு தரம், வீட்டுக்கு ஒரு தரம். தைத்தது அதே கைகள். கேட்டவர் என்ன கேட்டார் என்பதுதான் அங்கே அளவு.

தயக்கமே இல்லாதவர் அரைகுறையாகத் தைத்துத் தலையில் கட்டிவிடுவாரே என்று எதிரணி கேட்கும். கட்டுவார், மறுக்கவில்லை. அவருக்குத் தேவை மாதிரித் துண்டும் அளவு நாடாவும். கூடவே, என்ன தைப்போம், என்ன முடியாது, எந்தத் தேதி, எத்தனை வெள்ளி என்று முன்கூட்டியே எழுதிய ஒரு சீட்டு. அவருக்கும் பயத்தைக் கொடுத்தால், அரைகுறையாகத் தைப்பதோடு இலவசமாகவும் தைப்பார்!

ஆகவே நடுவர் அவர்களே, தயக்கம் தடையே என்று தீர்ப்பளியுங்கள். அரங்கில் இருக்கும் தாய்மார்களே, இந்தத் தீபாவளிக்குத் துணி கொடுக்கும்போது கூலியை முதலிலேயே கேளுங்கள். “பாத்துக் குடுங்க” என்று அக்கா இழுத்தால் விடாதீர்கள், தொகையைச் சொல்ல வையுங்கள். சொன்ன தொகையை அன்றைக்கே கொடுங்கள்.