சீதக்காவின் ஆய்வேடு



இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, ஓர் ஆய்வேட்டைப் பற்றி என்றேன். அவர் முகம் வாடியது. ஆய்வேடு என்றால் கூட்டம் கலைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு. அச்சத்தில் நியாயம் உண்டு. நானும் ஓர் ஆய்வேடு எழுதியவள்தான். ஆனால் நான் பேச வந்தது துப்பாக்கி ஏந்திக் காட்டில் திரிந்த ஒரு பெண் பின்னாளில் எழுதிய ஆய்வேட்டைப் பற்றி.

தனசரி அனசூயா என்பது அவர் இயற்பெயர். சீதக்கா என்றால்தான் தெலங்கானாவில் தெரியும். 1971இல், இன்றைய முலுகு மாவட்டத்தில், கோயா பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதின்பருவத்திலேயே நக்சல்பாரி இயக்கத்தின் ஜனசக்திப் பிரிவைச் சேர்ந்தவர்களோடு காட்டுக்குள் சென்றார். அங்கே ஆயுதக் குழுவுக்குத் 'தளம்' என்று பெயர். தளத்தில் சேர்ந்தவருக்கு வேறு பெயர் வழங்கப்படும். பெண்ணாயின் அப்பெயரோடு 'அக்கா' ஒட்டிக்கொள்ளும். அப்படி வந்ததே சீதக்கா. இங்கே கொருக்குப்பேட்டையில் தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் தமிழ் பேசும் வீடுகளுக்கும் பொதுவாக உள்ள சொற்களுள் அதுவும் ஒன்று. 1990களில் பொதுமன்னிப்பின் கீழ் அவர் கருவியைக் கீழே வைத்தார். பெயரைக் கீழே வைக்கவில்லை. தலைமறைவு வாழ்வில் மறைந்துகொள்ள வைத்த பெயரே பின்னர் ஊரறிந்த பெயராயிற்று. அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பின்னர்ச் சட்டம் பயின்று வாரங்கலில் வழக்குரைஞரானார். 2004இல் தெலுங்கு தேசம் கட்சி அவரை முலுகுத் தொகுதியில் நிறுத்தியது, தோற்றார். 2009இல் வென்றார். 2014இல் மீண்டும் தோல்வி. 2017இல் காங்கிரசில் சேர்ந்தார். 2018இலும் 2023இலும் வென்றார். 2023 டிசம்பர் 7 அன்று தெலங்கானா அமைச்சராகப் பொறுப்பேற்றார். இந்த வரிசையில் ஓரிடத்தில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1995 முதல் 2004 வரை ஆந்திரத்தை ஆண்டது தெலுங்கு தேசம். எந்த ஆட்சியின் காவல்துறை அவருடைய பழைய தோழர்களைத் தேடியதோ, அதே கட்சியின் வேட்பாளராகத்தான் அவர் முதலில் மக்கள் முன் நின்றார். இதைச் சிலர் சமரசம் என்பர். சமரசம்தான். ஆனால் அதன் விலையை அவர் மட்டுமே அறிவார் என்பதால், தொலைவில் அமர்ந்து தீர்ப்புக் கூற எனக்குத் தயக்கம்.

நம் புறத்திணை இலக்கணத்தில் வென்று மீண்டவனுக்குத் துறை உண்டு. வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. அரியணையைத் துறந்தவனுக்குக்கூட வாகையில் 'கட்டில் நீத்த பால்' என்று ஓரிடம் வகுத்தார் தொல்காப்பியர். வெல்லாமலும் வீழாமலும் படைக்கலத்தை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி வாக்குக் கேட்பவருக்கு எந்தத் துறை? தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

முலுகு மாவட்டத்திலேயே மேடாரம் இருக்கிறது. காகதிய அரசு கேட்ட வரியை எதிர்த்துப் போரிட்ட கோயாப் பெண்கள் சம்மக்கா, அவர் மகள் சாரலம்மா ஆகியோருக்கு அங்கே ஈராண்டுக்கு ஒருமுறை பெருவிழா. காயம்பட்ட சம்மக்கா மலைக்குள் நடந்து மறைந்தாள் என்றும், தேடிச் சென்றவர்கள் ஒரு குங்குமப் பரணியை மட்டுமே கண்டார்கள் என்றும் கதை. அடியவர்கள் வெல்லத்தைக் காணிக்கையாக்குகிறார்கள். அதற்கு அங்கே 'பங்காரம்', அதாவது பொன், என்று பெயர். போரிட்டு மறைந்த பெண்ணைத் தெய்வமாக்குவது மக்களுக்கு எளிது; நாமும் கண்ணகிக்கு அதைத்தானே செய்தோம்? உயிரோடு திரும்பி வந்தவளை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. முலுகு மக்கள் அவரை ஒருமுறை தோற்கடித்து, ஒருமுறை வெல்ல வைத்து, மீண்டும் தோற்கடித்து, மீண்டும் வெல்ல வைத்தார்கள். தெய்வத்துக்கு இவ்வளவு சோதனை வைப்பதில்லை.

படை விட்டு ஆட்சிக்கு வந்தோர் வேறு பலரும் உண்டு. மிசோரத்தில் 1966இல் ஆயுதம் எடுத்த லால்டெங்கா, 1986 உடன்பாட்டுக்குப் பின் முதலமைச்சரானார். ஈழத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் வரதராஜப் பெருமாள் 1988 டிசம்பரில் வடகிழக்கு மாகாண முதலமைச்சராகி, 1990 மார்ச்சில் இந்தியாவுக்குப் புறப்பட நேர்ந்தது. அந்த வரலாறு நம் அனைவருக்கும் இன்னும் ஆறாத புண். இன்று அதைத் தொட நான் வரவில்லை. சீதக்காவை நான் தனித்து எடுத்தது, முன் சொன்ன ஆய்வேட்டுக்காக.

2022இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் அவருக்கு அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர். வாரங்கல், கம்மம் பகுதிகளில் குடியேறிய கொத்திக் கோயர் என்னும் பழங்குடியினர் எவ்வாறு ஒதுக்கப்பட்டார்கள், எவை அவர்களுக்கு மறுக்கப்பட்டன என்பதே ஆய்வுப் பொருள். இவர்கள் பஸ்தர்க் காடுகளிலிருந்து வந்தவர்கள். 2005இல் சல்வா ஜுடும் தொடங்கிய பின், மாவோயிஸ்டுகளுக்கும் அதற்கும் இடையே சிக்கி, ஊர்கள் எரிய, எல்லை கடந்து ஓடி வந்தவர்கள் பலர். அந்தப் படையமைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓடி வந்தவர்களின் குடிசைகளை அத்தீர்ப்பு திருப்பித் தரவில்லை. சத்தீஸ்கரில் பழங்குடியினராக இருந்தவர்களுக்குத் தெலங்கானாவில் அந்தச் சான்றிதழ் இல்லை. காட்டைத் திருத்திப் பயிரிட்டால் வனத்துறை வந்து நிற்கும். அவர் பட்டம் பெற்ற மறு மாதமே, 2022 நவம்பரில், பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில் வனச்சரக அலுவலர் ஒருவர் இம்மக்கள் சிலரால் கொல்லப்பட்டார். கொத்திக் கோயரை வெளியேற்ற வேண்டும் என்ற குரல் ஓங்கியது. ஆய்வின் மை உலருமுன் ஆய்வுப் பொருள் செய்தித்தாளில் குருதியோடு வந்தது.

இங்கே என் கதையைச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். என் முனைவர் பட்டத்துக்காக வடசென்னைப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் திரட்டினேன். இதே கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஒரு மூதாட்டி மூன்று மாலைகள் எனக்காகப் பாடினார். நான்காம் நாள் கேட்டார்: "இத எழுதி முடிச்சா எங்க தெருவுக்குத் தண்ணி வருமாம்மா?" நான் சிரித்து மழுப்பினேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வி அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடத்துக்கு வந்த ஆய்வாளர் எனக்குத் தெரிந்து மிகச் சிலர். சீதக்கா அவர்களுள் ஒருவர். அவரிடம் தரப்பட்டவை ஊராட்சி, ஊரக வளர்ச்சி, பெண்கள் குழந்தைகள் நலத் துறைகள். காட்டுக் குடியிருப்புக்குக் குடிநீர், சாலை, அங்கன்வாடி என்று கேட்டால் கோப்பு அவர் மேசைக்கு வரும். 2020 ஊரடங்கின்போது ஓடைகளைக் கடந்து அரிசிச் சுமையோடு அவர் நடந்த வழிகள், இளமையில் இரவில் நடந்த காட்டு வழிகளே. ஆய்வாளராகவும் அவ்வழிகளுக்கே சென்றார். அமைச்சராக அதே மண்ணில் செல்லும்போதுதான் கால் இடறும் இடம் வருகிறது. ஏனெனில் குடிசையைப் பிரிக்க வருவதும் அவர் அங்கம் வகிக்கும் அரசுதான்.

இது என் கற்பனையன்று. 2025 மே இறுதியில் தெலங்கானா அரசு, குமரம் பீம் ஆசிஃபாபாத் மாவட்டக் காடுகளைப் புலிகளுக்கான காப்பகமாக்கி 49ஆம் அரசாணையை வெளியிட்டது. பழங்குடியினர் எதிர்த்தனர், மாவோயிஸ்டுகள் சீதக்காவையே பெயர் சொல்லிக் கண்டித்தனர். ஜூலையில் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், ஏப்ரல், மே மாதங்களில், முலுகை ஒட்டிய கர்ரெகுட்ட மலைகளைப் பாதுகாப்புப் படைகள் சூழ்ந்திருந்தன. பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். பழைய தோழர்களுக்கு அவர் அரசின் ஆள். ஐயுறும் அலுவலர் சிலருக்கு அவர் இன்னும் காட்டின் ஆள். இரு பக்கமும் முழுமையாக நம்பாத நிலையில் நின்று கோப்பில் கையெழுத்திடுவது, துப்பாக்கியோடு மரத்தடியில் நிற்பதைவிட எளிதென்று நான் நினைக்கவில்லை. அவர் அதில் வென்றுவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். கொத்திக் கோயருக்குச் சான்றிதழ் கிடைத்த நாளில் அதைச் சொல்கிறேன்.

எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்து நிமிடம் மீதமிருக்கிறது. நான் சொன்ன மூதாட்டி இன்று இல்லை. அவருடைய பேத்தி இவ்வரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். முதுகலை முடித்து ஆய்வில் சேர விரும்புகிறார். வழியில் என்னைச் சந்தித்து, பாட்டி கேட்டதையே சற்று வேறு சொற்களில் கேட்டார். மீதி நேரத்தை அவருக்குத் தருகிறேன். அவர் மேடைக்கு வந்து அதை உங்கள் முன்னும் கேட்கட்டும்.