நாலு துணி இருந்தாலும் நல்ல துணியாய் இருக்கட்டும்

(விருத்தாசலத்தில் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். இன்றைக்குத் துணிமணியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதிலே பேச என்ன இருக்கு?" என்று நினைக்காதீர்கள். தீபாவளி, பொங்கல், மாசி மகம் வந்தால் நம்மில் பலர் உள்கடன் கேட்பது துணி எடுக்கத்தான். அல்லது வாசலுக்கு வரும் தவணைக்காரரிடம் எடுக்கிறோம். துணி நைந்து போகிறது. கடன் மட்டும் புதுசாகவே இருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 300 ரூபாய்ப் புடவை ஒன்று. பத்து தடவை துவைத்ததும் சாயம் போய், நூல் விலகி, வெளியே கட்ட முடியாமல் ஆகிவிடுகிறது. ஒரு தடவை கட்ட 30 ரூபாய். 900 ரூபாய்க்கு ஒரு நல்ல பருத்திப் புடவை. வாரம் ஒரு தடவை கட்டி இரண்டு வருஷம் வந்தால் நூறு தடவை. ஒரு தடவைக்கு 9 ரூபாய்தான். இதில் எது மலிவு?

"மொத்தமா 900 ரூபாய்க்கு எங்கே போறது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. மாசம் 75 ரூபாயைத் துணிக்கென்று தனியாகக் குழுவில் சேர்த்தால் வருஷத்தில் 900 ஆகிவிடும். தவணைக்காரர் சொல்லும் விலைக்குள்ளேயே வட்டி ஒளிந்திருக்கிறது. கையில் பணத்தோடு போகிறவள்தான் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து எடுக்க முடியும்.

நம்ம ஊர் பீங்கான் ஊர். சாமானைச் சுண்டிப் பார்த்து, கணீர் என்றால் நல்லது, சத்தம் அடைத்தால் உள்ளே கீறல் என்று நமக்குத் தெரியும். துணியையும் அப்படிச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

1. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும்.

2. ஓரத்தைக் கசக்கித் தேய்யுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் கஞ்சியால் கனம் காட்டிய துணி.

3. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம்.

4. தைத்த உடுப்பு என்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாகவும், உள்ளே பிடித்த துணி அகலமாகவும் இருக்க வேண்டும்.

5. எந்த நூல் என்று சந்தேகம் வந்தால், வீட்டில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும்.

பாலியஸ்டர் கெட்ட துணி என்று சொல்லவில்லை. நாள்பட உழைக்கும், சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுப்பங்கரைக்கும் சூளைப் பக்கத்துக்கும் பருத்திதான் நல்லது.

எங்கே வாங்குவது? 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நம்மைப் போலவே கூடிச் சேர்ந்த நெசவாளர் சங்கங்களின் கடை. பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் தருகிறார்கள். கைத்தறி என்று சொல்லி விற்றால் 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்காரருக்குக் கைலி எடுக்க வெகுதூரம் போக வேண்டாம். நம்ம கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலேயே கைத்தறிக் கைலி நெய்கிறார்கள்.

வாங்கினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். புதுத் துணியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாக அலசுங்கள். உள்பக்கம் திருப்பி நிழலில் காயப் போடுங்கள். கஞ்சி போட்ட துணியை நாள்கணக்கில் மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒரு விரல் அகலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். சின்னக் கிழிசலை அன்றைக்கே தைத்துவிடுங்கள்.

பீங்கான் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்கென்று இரண்டு மூன்று உடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் படியும் வெள்ளைத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வீட்டுக்குள் உதறாதீர்கள். நேராகத் தண்ணீரில் ஊறப் போட்டு, பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். துணியும் தங்கும், உடம்பும் தங்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்வோம். துணிச் சேமிப்புக்கு நோட்டில் தனிப் பக்கம் போடுவோம். வீட்டில் இருக்கிற துணியை எண்ணிப் பார்த்து, எது உண்மையிலேயே தேவை என்று எழுதி வருவோம். பண்டிகைக்கு ஒரு மாசம் முன்னால் பத்துப் பேர் சேர்ந்து போய், விலை பேசி மொத்தமாக எடுப்போம். தனியாகப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. சேர்ந்து போனால் நாமும் விலை சொல்லலாம்.