ஒரு கைபேசியும் நாற்பது மாணவர்களும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். கருவிகளின் பெயர்ப் பட்டியல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் பத்து இணைப்புகள் வந்துவிடுகின்றன. திறந்து பார்க்கத்தான் நேரம் இல்லை. ஆகவே இன்று நான் புதுப் பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை. மூன்றே மூன்று கருவிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாடவேளைக்குள் அவற்றை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பேசலாம் என்றிருக்கிறேன்.

நாம் வெறும் கையோடு தொடங்கவில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் உள்ளன. பல பாடங்களின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கமும் இருக்கிறது. 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளம் இருக்கிறது, 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பல பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் வந்துவிட்டது. இருந்தும் பெரும்பாலான நாள்களில், பெரும்பாலான வகுப்புகளில், கையில் இருப்பது ஆசிரியருடைய ஒரு கைபேசிதான். அந்த நிலைமையை வைத்தே பேசுகிறேன்.

ஒரு கருவியை எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்தப் பாடத்தில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்? அந்த இடம் தெரியாமல் காணொலியைப் போட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். பாடவேளை முடிந்ததும் யாருக்கு என்ன புரிந்தது என்று நமக்குத் தெரியாது.

முதல் கருவி, பிளிக்கர்ஸ். இதற்கு மாணவர் கையில் கைபேசி வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அட்டையில் கறுப்புக் கட்ட வடிவம், அதற்கு ஓர் எண். அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்தில் இருக்கும். தான் தேர்ந்தெடுத்த விடை மேலே வரும்படி மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைபேசியின் கேமராவை வகுப்பின் மேல் ஓடவிட்டால், எந்த எண் எந்த விடை என்று பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து மாணவரைப் பார்த்து அதேபோல் பிடிக்க முடியாது.

இதில் ஆசிரியருக்கு என்ன லாபம்? 'புரிந்ததா?' என்று கேட்டால் நாற்பது பேரும் 'புரிந்தது' என்பார்கள். கை தூக்கச் சொன்னால் வழக்கமான ஆறு கைகள்தான் உயரும். மீதிப் பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் பாடம் வெகுதூரம் போயிருக்கும். அட்டையில் வாய் திறக்காத பிள்ளையும் பதில் சொல்லிவிடுகிறாள்.

ஆனால் அட்டையின் மதிப்பு கேள்வியில்தான் இருக்கிறது. 1/3, 1/4 இவற்றில் எது பெரியது? ஏ: 1/3. பி: 1/4. சி: இரண்டும் சமம். டி: எனக்குத் தெரியவில்லை. பி என்று காட்டியவர் 3ஐவிட 4 பெரியது என்று முழு எண்ணின் பழக்கத்தில் நிற்கிறார். சி என்று காட்டியவர் மேலே இருக்கும் 1ஐ மட்டும் பார்த்திருக்கிறார். இருவருக்கும் வேறு வேறு உதவி வேண்டும். டி என்ற விடையை வேண்டுமென்றே வைக்கிறேன். தெரியவில்லை என்று சொல்ல ஒரு மரியாதையான வழி இருந்தால் பிள்ளைகள் குருட்டாம்போக்கில் விடை சொல்வது குறைகிறது.

விடைகள் பிரிந்து கிடந்தால் உடனே சரியான விடையைச் சொல்லிவிட வேண்டாம். 'பக்கத்தில் இருப்பவரிடம் உன் காரணத்தைச் சொல்' என்று இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் கல்லூரி வகுப்புகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது. நம் ஐந்தாம் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். தோசையை மூன்றாகப் பங்கிடுவதா, நான்காகப் பங்கிடுவதா என்று பிள்ளைகளே பேசி முடித்துவிடுவார்கள். இணையம் கிடைக்காத நாளில் நான்கு வண்ண அட்டைகளை வைத்தும் இதைச் செய்யலாம். பதிவு கிடைக்காது, யோசனை கிடைக்கும்.

இரண்டாவது, ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன். கட்டணம் கிடையாது. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் செயல்பாடுகள் நிறைய உண்டு. சிலவற்றைத் தமிழிலும் பார்க்கலாம்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. பல மாணவர்கள் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் 'சாப்பிட்டுவிடும்', அதனால் இரண்டாவது பல்பு மங்கலாக எரியும் என்று நம்புகிறார்கள். திரையில் காட்டும் முன் எது பிரகாசமாக எரியும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள், காரணத்தோடு. பிறகு சுற்றை அமைத்து, முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புகளுக்கு இடையிலும், கடைசியிலும் அம்மீட்டரை வைத்துக் காட்டுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு. எழுதியதும் பார்த்ததும் மோதும்போதுதான் மாணவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு டார்ச் பல்புகளையும் ஒரு பேட்டரியையும் வைத்து நிஜச் சுற்றையும் கட்ட வேண்டும். கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்று மங்கலாக எரியலாம். 'பாருங்க சார், முதல் பல்பு சாப்பிட்டுடுச்சு' என்று பழைய நம்பிக்கை உடனே திரும்பி வரும். அப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்த பல்பு எந்த இடத்தில் போட்டாலும் மங்கலாகவே எரியும். காரணம் இடத்தில் இல்லை, பல்பில் இருக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். இந்தப் பாடத்தைத் திரையால் மட்டும் தர முடியாது. திரையில் எல்லா இணைப்பும் கச்சிதமாக இருக்கும். நிஜத்தில் கம்பி தளர்ந்து பல்பு எரியாமல் போகும். எங்கே தளர்ந்தது என்று தேடுவதும் அறிவியல்தான்.

மூன்றாவது, ஜியோஜீப்ரா. ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் தம் முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக உருவாக்கியது. நம் கணக்குப் பாடநூலின் இணையச் செயல்பாடுகள் பல இதில் அமைந்தவை.

கரும்பலகையில் நாம் வரையும் வட்டம் அசையாது. மையக் கோணம், பரிதிக் கோணத்தைப்போல் இருமடங்கு என்ற தேற்றத்துக்கு ஒரே ஒரு படம் போடுகிறோம். மாணவர் அந்தப் படத்தை மனப்பாடம் செய்கிறார். தேர்வில் புள்ளி வேறு பக்கம் இருந்தால் தடுமாறுகிறார். ஜியோஜீப்ராவில் பரிதியில் உள்ள புள்ளியை ஒரு மாணவியை அழைத்து நகர்த்தச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஒரே கேள்வி: எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது? அதே வில்லின் எதிர்ப்பக்கத்தில் புள்ளி இருக்கும்வரை கோணம் மாறாது. புள்ளி அந்த வில்லுக்குள்ளேயே வந்துவிட்டால் கோணம் சட்டென்று மாறும். ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும், வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்கள் பற்றிய பாடத்துக்கு அதுவே வாசல்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. நூறு முறை நகர்த்திப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் திரையில் காட்டி, அவற்றைக் கூட்டச் சொன்னால் சில சமயம் 180.01 என்று வரும். தசமத்தை முழுமையாக்கிக் காட்டுவதால் வருவது அது. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. 'அளந்து பார்த்தால் இப்படித்தான் வரும், 180 என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டு, இணைகோட்டை வரைந்து நிரூபணத்தைத் தொடங்க நல்ல இடம் அது.

இனி, செய்யக் கூடாதவை இரண்டு.

கைபேசி இருந்தால்தான் முடியும் என்ற வீட்டுப்பாடம் வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது யார் வீட்டில் கைபேசி இருந்தது, யார் வீட்டில் இல்லை என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்றும் பல வீடுகளில் ஒரே கைபேசிதான், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். காணொலி பார்த்து வராத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டு வறுமைக்கு வகுப்பில் தண்டனை வாங்குகிறது. இணையம் தேவைப்படும் வேலை எதுவானாலும் பள்ளி நேரத்துக்குள், பள்ளிக்கூடத்தின் கருவியிலேயே முடிய வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளின் விவரங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது, அவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் இருக்கட்டும், நம் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்வோம். மாணவர் கணக்குத் தொடங்கத் தேவையில்லாத கருவிகளையே தேர்ந்தெடுப்போம். நான் சொன்ன மூன்றையும் அப்படிப் பயன்படுத்தலாம். பிளிக்கர்ஸில் பெயருக்குப் பதில் அட்டை எண்ணை மட்டும் பதிந்துகொள்ளலாம். எந்த எண் யாருடையது என்பது நம் நோட்டில் இருந்தால் போதும். யார் தவறாக விடை சொன்னார்கள் என்ற பட்டியலைப் பெற்றோர் குழுவில் போட வேண்டாம். தவறான விடை வகுப்புக்குள் பாடமாகிறது, வெளியே போனால் அவமானமாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கொண்டுவாருங்கள். சரியான விடை ஒன்று, தவறான விடைகள் இரண்டு. அந்தத் தவறுகள் நீங்கள் கற்பனை செய்ததாக இல்லாமல், உங்கள் மாணவர் நோட்டில் நீங்கள் பார்த்ததாக இருக்கட்டும். இங்கே முப்பது ஆசிரியர்கள் இருக்கிறோம். முப்பது கேள்விகள் சேர்ந்தால் எல்லாரும் நகல் எடுத்துக்கொள்ளலாம், அட்டைகளை அச்சிடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.